பஸ் 4.40-க்குக் கிளம்பிவிடும்: கம்ப்யூட்டர் படிப்புக்குக் கல்லூரி தேடிய அனுபவம்

ஆடி ஒன்னாம் தேதி சேலத்தில் தேங்காய் சுடுகிற நாள். தேங்காய்க் கண்ணைத் திறந்து வெல்லம், எள், அவல், பொட்டுக்கடலை எல்லாம் அடைத்து, அழிஞ்சில் குச்சியில் குத்தி, தெருவிலேயே நெருப்பு மூட்டிச் சுடுவோம். போன ஆடி ஒன்னுக்கு எங்கள் செவ்வாய்பேட்டை வீட்டு வாசலில் எல்லோரும் அந்த வேலையில் இருக்க, சித்தி பொண்ணு மட்டும் திண்ணையில் என் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கல்லூரிப் பட்டியலை மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதுமாக இருந்தாள். ஏற்காட்டில் அரசுப் பள்ளியில் படித்தவள். சித்தப்பாவுக்குக் காபி தோட்டத்தில் வேலை. அவர்கள் வீட்டில் அவள்தான் முதலில் கல்லூரிக்குப் போகிறாள், அதனால் ஆறு மாசமாக அவளோடு சேர்ந்து நானும் கல்லூரி தேடினேன்.

இந்த வருஷமும் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் "கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எந்தக் காலேஜ் நல்லது?" என்று கேட்டுவிட்டார்கள். ஒரு பேரைச் சொல்லி முடித்துவிடலாம், ஆனால் அப்படி ஒரு பேரைக் கேட்டுத்தான் நான் போய்ச் சேர்ந்தேன், அதனால் எனக்குப் போன வருஷங்கள் கொஞ்சமில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் +2 முடித்தது 2013-ல். அப்போது பொறியியல் சீட்டு ஒதுக்குகிற கவுன்சலிங் என்றால் சென்னைக்கு, அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போக வேண்டும். வீட்டிலிருந்தே இணையத்தில் செய்கிற முறை 2018-ல்தான் வந்தது. அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை, ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ரிசல்ட் வந்த அதே வாரம் ஒரு கல்லூரியிலிருந்து ஆள் வீட்டுக்கே வந்தார். "இன்னைக்கு முன்பணம் கட்டுனா கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு உறுதி, அடுத்த வாரம் வந்தா நான் பொறுப்பில்லை" என்றார். அப்பா பயந்துவிட்டார். வட்டிக்கு வாங்கிக் கட்டினார், என் அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டோம். அப்புறம் பார்த்தால் என் கட்ஆஃபுக்குக் கவுன்சலிங்கிலேயே அதைவிட நல்ல இடம், பாதிச் செலவில், கிடைத்திருக்கும். மாறிவிடலாம் என்று போய்க் கேட்டோம். பணமும் தர முடியாது, சான்றிதழும் தர முடியாது என்றார்கள். சேர்க்கைக் கெடுவுக்கு முன்னால் விலகினால் அதிகபட்சம் 1000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவே கூடாது என்று ஏஐசிடிஇ (பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தருகிற மத்திய அமைப்பு) விதி இருப்பது எங்கள் யாருக்கும் அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்பா அந்த அறையில் அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டார். அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சேருவதற்கு முன்னால் கல்லூரியைப் பார்க்காமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். பெரிய கட்டடம், புல்வெளி, ஏசி போட்ட கருத்தரங்கக் கூடம். கம்ப்யூட்டர் லேப் பூட்டியிருந்தது, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்தோம். வரிசையாகப் புது மானிட்டர்கள். அது போதுமென்று நினைத்தோம்.

சேலத்திலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த கல்லூரி அது. காலையில் 6.50-க்குத் தெருமுனையில் கல்லூரி பஸ், ஊரெல்லாம் சுற்றி ஆள் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர 8.30 ஆகும். சாயந்திரம் 4.40-க்கு பஸ் கிளம்பிவிடும், வீட்டுக்கு வர 6.15. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போயிற்று. ஒரு செமஸ்டருக்குச் சுமார் 90 வேலை நாள், 8 செமஸ்டருக்கு 720 நாள், நாளுக்கு மூன்று என்று வைத்தாலும் 2,160 மணி நேரம். இந்தக் கணக்கை நான் போட்டதே வேலைக்குப் போய் இரண்டு வருஷம் கழித்துத்தான். அந்த மணி நேரத்தில் பாதியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செலவழித்திருந்தால் என் கதை வேறு.

பஸ் நேரத்தை மட்டும் சொல்லவில்லை. 4.40-க்கு பஸ் கிளம்புகிறது என்றால் கல்லூரியே 4.40-க்கு முடிந்துவிடுகிறது என்று அர்த்தம். லேபைத் திறந்து வைக்க யாருக்கும் காரணம் இல்லை, வாத்தியாரும் அதே பஸ்ஸில்தான் ஊருக்கு வருகிறார். வாரத்தில் ஒரு லேப், மூன்று பீரியட். அதில் முதல் அரை மணி நேரம் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கப் போய்விடும். நோக்கம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், கடைசியில் புரோகிராம் வெற்றிகரமாக ஓடியது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. ஓடாத புரோகிராமுக்கும் அந்த வரியை எழுதியிருக்கிறேன், ஏனென்றால் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியது அது. செய்முறைத் தேர்வுக்குப் பதினைந்து புரோகிராமை மனப்பாடம் செய்துகொண்டு போனோம். சி மொழிக்கான பழைய மென்பொருளான நீலத் திரை டர்போ சி-யில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் எங்கே விட்டுப்போனது என்று கண்டுபிடிக்கத் தெரியாமல் முழுசையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து அடிப்போம். நாலு வருஷம் முடித்து முதல் வகுப்பில் பட்டம் வாங்கின பிறகும் எனக்குத் தானாக ஒரு சின்ன புரோகிராம் யோசித்து எழுத வராது. சென்னையில் கால் சென்டரில் இரவு வேலை பார்த்துக்கொண்டே பகலில் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டேன், ஒன்றரை வருஷம் ஆயிற்று. இப்போது கோயம்புத்தூரில் டெவலப்பராக இருக்கிறேன்.

அதனால் சித்தி பொண்ணுக்குக் கல்லூரி பார்க்கும்போது நான் ஒன்றையே பிடித்துக்கொண்டேன்: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இவள் கையால் கோடிங் எழுத முடியும், தப்பு வந்தால் பக்கத்தில் கேட்க ஆள் இருக்குமா. நீச்சல் மாதிரிதான் இது, தண்ணீரில் இறங்கிய நேரம்தான் கணக்கு.

அப்புறம் கல்லூரியைப் பார்க்கப் போகும் மாதம் முக்கியம். பெரும்பாலானவர்கள் மே கடைசியிலும் ஜூனிலும் போகிறார்கள், அப்போது செமஸ்டர் முடிந்து காலிக் கட்டடம்தான் இருக்கும். +2 பரீட்சை மார்ச் கடைசியில் முடிந்துவிடும், ஏப்ரலில் பொறியியல் கல்லூரிகள் நடந்துகொண்டிருக்கும். நாங்கள் ஏப்ரலில், வேலை நாளில், அதுவும் மத்தியானம் மூன்றரைக்கு மேல் போனோம். ஆபீஸுக்குப் போனால் மடிப்புத் தாள் கொடுப்பார்கள், அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் நாங்கள் நேராக கேன்டீனுக்கும் வாசல் டீக்கடைக்கும் போய் மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தோம். அவள் முதலில் வெட்கப்பட்டாள், இரண்டாவது கல்லூரியில் அவளே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"நல்ல காலேஜா?" என்று கேட்டால் யாரும் நல்ல காலேஜ் என்றுதான் சொல்வார்கள். நாங்கள் கேட்டது வேறு. போன வாரம் லேபில் என்ன எழுதினீர்கள்? லேப் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? ரெக்கார்டு நோட்டு கையால் எழுதுகிறீர்களா, இல்லை கம்ப்யூட்டரில் எழுதிய கோடிங்கை அப்படியே சமர்ப்பிக்கிறீர்களா? இரண்டாம் வருஷத்தில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் நடத்தியவர் யார், அவரிடம் சந்தேகம் கேட்கலாமா? உங்கள் புராஜெக்ட் என்ன, அதை நீங்களே செய்தீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு கல்லூரியில் மூன்று பையன்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சு ரோடு பக்கம் ஒரு கடையில் காசு கொடுத்து வாங்குவதாக ஒருவன் மெதுவாகச் சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்கும் நாலு வருஷம் போய்விட்டதே என்றுதான் இருந்தது.

ஒரு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அவள்தான் கண்டுபிடித்தாள். ஒரு கல்லூரியில் லேப் இரவு 8 மணி வரை திறந்திருக்கும் என்று பையன்கள் பெருமையாகச் சொன்னார்கள், எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் தனியாக விடுதிப் பெண்களிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, "அண்ணா, கேர்ள்ஸ் எல்லாம் ஆறு மணிக்குள்ள ஹாஸ்டலுக்குள்ள வந்துடணுமாம். எட்டு மணி வரைக்கும் லேப் பசங்களுக்குத்தான்" என்றாள். நான் வாயடைத்துப்போனேன். பொம்பளைப் பிள்ளையைச் சேர்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் தனியாகக் கேளுங்கள், விடுதிக் கதவு மூடுகிற நேரத்தை விடுதியில் இருக்கிற பெண்களிடமே கேளுங்கள். ஒரே கட்டணம் கட்டுகிற இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்கு நாளைக்கு இரண்டு மணி நேரம் குறைவாகக் கிடைப்பது அநியாயம், அதைக் கேட்கிற பெற்றோர் கூடினால்தான் மாறும்.

பிளேஸ்மென்ட் போர்டு எல்லா வாசலிலும் இருக்கிறது. ஒரே பையனுக்கு மூன்று கம்பெனியில் கிடைத்தால் சில இடங்களில் மூன்றாகவே எண்ணுகிறார்கள். சாஃப்ட்வேர் கம்பெனி பேர் இருந்தாலும் வேலை கோடிங்தானா, இல்லை வாடிக்கையாளர் அழைப்பை எடுக்கிற வேலையா என்று தெரியாது. நாங்கள் லிங்க்ட்இன்னில் கல்லூரிப் பேரைப் போட்டுத் தேடினோம், அங்கே படித்தவர்கள் இன்றைக்கு எங்கே என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று காட்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் முடித்தவர்கள் நாலு பேருக்குச் செய்தி அனுப்பினோம், இரண்டு பேர் நேரமெடுத்துப் பதில் எழுதினார்கள். முப்பது விளம்பரம் படித்தாலும் அந்த இரண்டு பதில் அளவுக்குத் தெரிந்திருக்காது.

ஆசிரியர்கள் பற்றி. ஏஐசிடிஇ கணக்குப்படி 20 மாணவர்களுக்கு ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும். கல்லூரி இணையதளத்தில் பட்டியல் இருக்கும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் என்கிற ஊழல் எதிர்ப்பு அமைப்பு வெளியிட்ட புகாரில், ஒரே ஆசிரியரின் பேர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளின் கணக்கில் இருந்தது தமிழ்நாடு முழுக்கப் பேசப்பட்டது. பட்டியலில் உள்ள நாலு பேரைச் சொல்லி "இவர் உங்களுக்கு என்ன பாடம் எடுக்கிறார்?" என்று மாணவர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும். இன்னொன்று, 2024-25 கல்வியாண்டிலிருந்து நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு ஒரு பிரிவில் இத்தனை சீட்டுதான் என்கிற உச்சவரம்பை ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸில் எத்தனை செக்‌ஷன், போன வருஷம் எத்தனை இருந்தது, அதற்கேற்ப லேப் கூடியதா என்று கேட்பது இப்போது அவசியம்.

பிரிவின் பேரில் மயங்க வேண்டாம் என்றும் அவளிடம் சொன்னேன். செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று புதுப் பேர்கள் வந்திருக்கின்றன. பாடத்திட்டத்தை இறக்கிப் பார்த்தால் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க், கொஞ்சம் கணக்கு, இவை எல்லாவற்றிலும் முழுசாக இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

பொறியியல் மட்டும்தான் வழி என்றும் இல்லை. என் பள்ளித் தோழன் சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தான். கட்டணம் மிகக் குறைவு, வகுப்பு முடிந்ததும் வீடு, மீதி நேரமெல்லாம் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் தானாகக் கற்றுக்கொண்டான். அப்புறம் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. போனான். என்னைவிட முன்னால் டெவலப்பர் ஆனான். அப்போது எம்.சி.ஏ. மூன்று வருஷம், 2020-லிருந்து இரண்டே வருஷம்தான். பி.சி.ஏ. படிப்பும் 2024-25 முதல் ஏஐசிடிஇ அனுமதிக்குள் வந்துவிட்டது. வீட்டில் பணம் இல்லை, கட்ஆஃபும் குறைவு என்றால் கடன் வாங்கி நெடுஞ்சாலைக் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டு வாங்குவதைவிட, ஊருக்குள் ஒரு நல்ல கலைக் கல்லூரியில் சேர்வதைத்தான் நான் சொல்வேன்.

இவளுக்குப் பண விஷயத்தில் ஒரு பெரிய துணை இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து +2 வரை அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத இடஒதுக்கீடு, அதில் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டிவிடும். 2021-ல் பொறியியலுக்கு வந்த சட்டம் இது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். இது தெரிந்துதான் ஏற்காட்டு வீட்டுக்கும் ஒரு ஆள் வந்தார், என் வீட்டுக்கு 2013-ல் வந்த மாதிரியே. "எல்லாம் ஃப்ரீ, நாங்களே உங்க பாஸ்வேர்டை வெச்சு எல்லாத்தையும் நிரப்பித் தர்றோம்" என்றாராம். சித்தி நல்லவேளையாக என்னிடம் போனில் கேட்டார். கவுன்சலிங் கணக்கின் பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் உங்கள் பட்டியலில் முதல் வரிசையில் அவர்கள் கல்லூரிதான் இருக்கும். 7.5-ல் எந்தக் கல்லூரி கிடைத்தாலும் அரசுதான் கட்டுகிறது, அந்த ஆள் தருவது எதுவுமில்லை.

பட்டியலின் வரிசை பற்றி நிறையப் பேருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. கிடைக்காத கல்லூரியை மேலே போட்டால் கீழே இருக்கிறதும் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கட்ஆஃப் 200-க்கு, கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதை வைத்து ரேங்க், அந்த ரேங்க் வரிசையில் ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து முதலில் காலியாக இருப்பதைக் கொடுக்கிறார்கள். அதனால் எது ஆசையோ அதை அந்த ஆசை வரிசையிலேயே போட வேண்டும், போன வருஷக் கட்ஆஃபைப் பார்த்து உறுதியாகக் கிடைக்கக்கூடியவற்றையும் கீழே நிறையப் போட வேண்டும். பத்து பன்னிரண்டோடு நிறுத்தியவர்கள் எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கிறார்கள். அவள் 60-க்கு மேல் போட்டாள்.

ஆடி ஒன்னு அன்றைக்குத் திண்ணையில் இந்த வரிசைக்குத்தான் ஒரு சண்டை நடந்தது. சித்தப்பா, "அரசாங்க காலேஜ்னா அரசாங்க காலேஜ்தான், கருப்பூர்ல எந்தப் பிரிவு கிடைச்சாலும் போடு" என்றார். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி 1966-லிருந்து இருக்கிறது, அந்தப் பேருக்கு உள்ள மரியாதை எனக்கும் தெரியும், அவர் சொன்னதில் தப்பில்லை. ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்) படித்துவிட்டு சாஃப்ட்வேருக்கு வந்தவர்கள் என் டீமிலேயே இரண்டு பேர். ஆனால் இவள் ஏழாம் வகுப்பிலிருந்து பள்ளிக் கம்ப்யூட்டரில் தானாக எதையாவது செய்துகொண்டிருந்தவள். நான் வாயைத் திறக்கவில்லை. தேங்காய் வெடித்து வெல்லப்பாகு வாசனை வரும்வரை யோசித்தாள். கடைசியில் கருப்பூர் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலில், அப்புறம் டவுன் பஸ் தூரத்தில் உள்ள ஒரு தனியார் தன்னாட்சிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., அதற்குக் கீழேதான் கருப்பூர் ஈ.சி.இ. என்று வைத்தாள். "அப்பா, எனக்கு கோடிங் எழுதணும்" என்றாள். சித்தப்பா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவதாகப் போட்டதுதான் கிடைத்தது. அதை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே உள்ளது கிடைக்குமா என்று காத்திருக்கிற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தோம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கையில் இருப்பது தானாகப் போய்விடும், பழையதற்குத் திரும்ப முடியாது. அதனால் மேலே இருப்பவை எல்லாம் நிஜமாகவே போக விரும்புகிற இடங்களாக இருக்க வேண்டும். அவளுக்கு மேலே இருந்தது கருப்பூர் ஒன்றுதான். அது வரவில்லை, இதிலேயே சேர்ந்தாள்.

விடுதியும் இலவசம்தான், ஆனாலும் அவள் விடுதி வேண்டாமென்றாள். அங்கேயும் பெண்கள் விடுதிக் கதவு சீக்கிரம் மூடிவிடும், வெளியிலிருந்து வருகிறவர்கள் மட்டும் 7 மணி வரை லேபில் இருக்கலாம். ஏற்காட்டிலிருந்து தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற முடியாது. அதனால் எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்கிறாள், சனிக்கிழமை மத்தியானம் மலைக்குப் போய்விட்டு ஞாயிறு சாயந்திரம் வந்துவிடுகிறாள். ஏழு மணிக்கு டவுன் பஸ், ஏழே முக்காலுக்கு வீடு. முதல் மாசம் அம்மா தினமும் தெருமுனையில் போய் நின்றார், இப்போது நிற்பதில்லை.

லேப்டாப் உடனே வாங்க வேண்டாமென்று சொல்லியிருந்தேன். முதல் செமஸ்டரில் பைத்தான்தான், அதற்குக் கல்லூரி லேபே போதும். கோயம்புத்தூரில் ஆபீஸ்கள் கழித்துவிடும் பழைய லேப்டாப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, புதிதின் விலையில் பாதிகூட இல்லை, லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிடுவேன். போன வாரம் ராத்திரி போன் செய்து, தான் எழுதிய ஃபங்ஷன் தன்னையே கூப்பிட்டுக்கொண்டு நிற்காமல் ஓடுகிறது, ஏன் என்று கேட்டாள். நிற்க வேண்டிய இடத்தை நீ சொல்லவே இல்லையே என்றேன். "இருண்ணா, நானே பாக்கறேன்" என்று போனை வைத்துவிட்டாள். பத்து நிமிஷத்தில் சரியாக ஓடிய திரையைப் படம் எடுத்து அனுப்பினாள்.